எட்டடிப் பலகைக்கு இரண்டு பேர்

எட்டடித் தேர்தல் பலகையை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் கம்பத்தைத் தரையில் அடித்து இறக்க வேண்டும். விஸ்கான்சினில் அக்டோபர் காற்றில் தனி ஆளாக முயன்றால், பலகையோடு சேர்த்து உங்களையும் பக்கத்துச் சோளக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதனால்தான் மார்லிஸைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நீங்கள் தலைநகரிலிருந்து வந்தவர், மேடம். எங்கள் கவுண்டியின் ஊர்களும் ஜனங்களும் உங்களுக்குப் புதிது. போன ஆளுநர் தேர்தலில் இங்கே முடிவைத் தீர்மானித்தது முப்பத்தெட்டு வாக்கு. வெள்ளிக்கிழமை பெர்னீட்டாவின் மதுக்கடையில் பொரித்த மீனுக்கு நிற்கிற கூட்டம் அதைவிடப் பெரியது. இந்தத் தடவையும் பாதி முற்றங்களில் எங்கள் வேட்பாளர் ஹோல்ட்மன் அம்மாளின் பெயர், பாதியில் எதிராளி ப்ரீனின் பெயர். பண்டிகைக்குக் கூடப் பிறந்தவர்களே தனித்தனியாக வான்கோழி சமைக்கிறார்கள்.

என் பெயர் லெஸ்டர் ஹ்யூப்னர், வயது ஐம்பத்தொன்பது. இருபத்தாறு வருடம் பால் லாரி ஓட்டினேன். ஒரு விபத்துகூடக் கிடையாது. இப்போது ஹோல்ட்மன் அம்மாளின் பிரசாரத்துக்கு இந்தக் கவுண்டியின் பொறுப்பாளர். மார்லிஸ் ஓல்செவ்ஸ்கி என்னோடு மூன்று தேர்தல் வேலை பார்த்தவள். கணவர் இறந்து ஆறு வருடம். பள்ளிச் சமையலறையில் வேலை. அவள் கதவைத் தட்டினால் ப்ரீன் ஆள்கூட உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பான், ஏனென்றால் அவன் பிள்ளைக்கு ஒரு காலத்தில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டவள் அவள்.

கெர்மிட் டாலன் என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். நாற்பத்தாறு மாடு, மனைவியை இழந்தவன், ப்ரீனின் ஆள். அவன்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பான்: "என்ன லெஸ்டர், உங்க ஹோல்ட்மன் அம்மா ஜெயிச்சா என் மாட்டுக்கெல்லாம் ஓட்டு குடுப்பாங்களாமே?"

"குடுத்தா உன்னைவிட யோசிச்சுத்தான் போடும்" என்பேன். இருவரும் சிரிப்போம். இருபது வருடமாக அவன் சாமான் என் கொட்டகையில், என் சாமான் அவனிடத்தில்.

செப்டம்பரில் நாங்கள் பின்தங்கியிருந்தோம். வேலைக்கு வந்தது ஆறே பேர். நெடுஞ்சாலையில் இருந்த எங்கள் பெரிய பலகையை ஒரு விடியற்காலை மரம் அறுக்கிற ரம்பத்தால் நானே அறுத்துத் தள்ளினேன். அதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. அடுத்த வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள். பிறகு எங்கள் அலுவலகக் கண்ணாடியில் செங்கல். அதுவும் நான்தான். அப்புறம் மார்லிஸின் வீட்டு முன்னால் கம்பத்தில் இருந்த தபால் பெட்டியை வேட்டைத் துப்பாக்கியால் சுட்டேன். அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சுட்டேன். சில ரவைகள் சமையலறை ஜன்னலைத் துளைத்துவிட்டன, அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எண்பது பேர் வந்தார்கள். மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.  ஹோல்ட்மன் அம்மாள் தானே போன் செய்தார்.

ஆனால் ஜனங்கள் சீக்கிரம் பழகிப்போகிறார்கள். உடைந்த கண்ணாடியை ஒரு வாரத்துக்குமேல் யாரும் பார்ப்பதில்லை. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மறுபடி பின்தங்கினோம். ஒரு சாவு வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பிடித்த ஒருவருடைய சாவு. என்னையேகூட யோசித்துப் பார்த்தேன். ஆனால் நான் போய்விட்டால் கடைசி வார வேலையை யார் பார்ப்பது?

புதன்கிழமை சாயங்காலம் கெர்மிட்டிடம் போய்ச் சம்மட்டி கேட்டேன். கைப்பிடியில் அவன் பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டு வைத்திருப்பான். "எங்க பலகை மேல படாம பாத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் ஒரு மணி. மேட்டுக்குமேல், நெடுஞ்சாலை திரும்புகிற இடம். சோளம் இன்னும் அறுக்காததால், திருப்பத்துக்கு வரும்வரை சாலையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மார்லிஸ் பலகையைப் பிடித்திருந்தாள். நான் இரண்டாவது கம்பத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

"லெஸ், தபால் பெட்டிய பத்தி கெர்மிட்கிட்டயே நேரா போய்க் கேட்டேன்" என்றாள். "அவரு செய்யல. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் காலைல புதுப் பெட்டி வாங்கிட்டு வந்து அவரே நட்டுட்டுப் போனாரு."

"அப்ப யாரு செஞ்சது?"

"தெரியல. அத விடுங்க. ஒண்ணு சொல்லணும், வேற யாராச்சும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. எலெக்‌ஷன் முடிஞ்சதும் நானும் கெர்மிட்டும் கல்யாணம் பண்ணிக்கறோம். ரெண்டு கட்சிப் பலகையும் ஒரே முற்றத்துல நிக்கட்டும். ஊரு பாத்துச் சிரிக்கட்டும். சண்டை போடறதுக்குச் சிரிக்கறது மேல் இல்லையா?"

வாழ்த்துச் சொன்னேன். பலகையை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

முதல் அடி காதுக்குமேல் பட்டது. அவள் விழவில்லை, உட்கார்ந்தாள். எதையோ தேடுகிறவள்போல் தரையைப் பார்த்தாள். "லெஸ், பலகை விழுந்துடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம், விழுந்துவிட்டது என்றேன். அவளைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அதன்பிறகு இன்னும் அடித்தேன். மொத்தம் நான்கு என்று நினைத்தேன். உங்கள் மருத்துவர் பதினொன்று என்கிறார். அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

பலகையை அவள்மேல் மூடினேன். சம்மட்டியைச் சாலையோரப் பள்ளத்தில், தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி போட்டேன். அன்று மாலையே கெர்மிட்டை ஷெரிப்பின் போலீஸ் ஆட்கள் கூட்டிப்போனார்கள். மறுநாள் ஹோல்ட்மன் அம்மாள் வந்தார், பள்ளி மைதானத்தில் இரண்டாயிரம் பேர். அழுதார். நடிப்பில்லை, எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றேன்.

வியாழன் மதியம் கெர்மிட் பல் பிடுங்கப் போயிருந்தது எனக்குத் தெரியாது. முப்பது மைல் தள்ளி, வாயில் பஞ்சோடு நாற்காலியில் சாய்ந்திருந்திருக்கிறான். சனிக்கிழமை விட்டுவிட்டார்கள். ஷெரிப்பும் ப்ரீன் ஆள், அதனால்தான் விட்டார் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. நான் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் செய்யாததை மனிதன் செய்ய வேண்டியிருக்கும் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கெர்மிட்டின் தொழுவத்தில் பெட்ரோல் ஊற்றினார்கள். அவர்கள் பெயர் உங்களிடம் இருக்கிறது. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கெர்மிட் உள்ளே ஓடி மாடுகளை அவிழ்த்துவிட்டான். முப்பத்தொன்று வெளியே வந்தன. அவன் சட்டை புகைந்துகொண்டிருந்தது. மிச்சத்துக்காகத் திரும்ப உள்ளே போனான். கூரை இறங்கிவிட்டது. மாடுகள் அப்படிக் கத்தும் என்பது இருபத்தாறு வருடம் பால் ஏற்றிய எனக்கே தெரியாது. தீயணைப்புக்கு முதலில் போன் செய்தது நான்தான். பதிவு இருக்கும், பாருங்கள்.

திங்கட்கிழமை ப்ரீன் ஆள் ஒருவன் லாரியை எங்கள் அலுவலகத்துக்குள் விட்டான். மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இரண்டு காலும் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் துப்பாக்கியோடுதான் கூட்டத்துக்கு வருகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் கருத்துக்கணிப்பில் நாங்கள் நான்கு புள்ளி மேலே.

ஒரு வேண்டுகோள். இன்று புதன். வாக்குப்பதிவு அடுத்த செவ்வாய் இரவு எட்டு மணிக்கு முடியும். அதுவரை இந்த வாக்குமூலம் வெளியே போகக் கூடாது. இல்லையென்றால் இத்தனையும் வீண். மார்லிஸும் அதை விரும்பமாட்டாள்.

மதுக்கடை பெர்னீட்டா சொன்னதைப் பற்றி இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். உண்மைதான். கல்யாண விருந்துக்கு அவர்கள் இருவரும் இடம் கேட்டுவிட்டுப் போனதாகப் புதன்கிழமை மதியம் என்னிடம் சொன்னாள். சாயங்காலம் நான் போய்ச் சம்மட்டி வாங்கினேன். அதுவும் உண்மை. ஏப்ரலில் நானும் ஒரு தடவை மார்லிஸிடம் கேட்டிருந்தேன். நல்ல நண்பர்களாகவே இருந்துவிடலாம் என்றாள், நானும் சரி என்றேன். நாங்கள் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மார்லிஸைக் கொன்றது நான். கெர்மிட்டைக் கொன்றதும் நான்தான் என்று எழுதிக்கொண்டாலும் மறுக்கமாட்டேன். ஆனால் காரணம் என்று போட்டிருக்கிற இடத்தில் நீங்கள் அவள் பெயரை எழுதியிருக்கிறீர்கள், மேடம். அதை அடித்துவிட்டுத் தேர்தல் என்று எழுதுங்கள்.