அவர் பேருக்குப் பக்கத்துல

உங்க ஆபீஸ் லேப்டாப்போட சார்ஜரையும் எடுத்து வெச்சுட்டேன் தம்பி. அந்தப் பையோட ஜிப்பு கொஞ்சம் மக்கர் பண்ணும், மெதுவா இழுங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி வாங்க.

வேலையைப் பத்தின குறிப்பு ஏதாவதா? இல்லியே, எங்க வீட்டுக்காரரு நோட்டுல எதுவும் எழுதி வைக்கல. எதுல மாட்டிக்கிட்டிருக்கீங்க? ஓ, ஆஸ்பத்திரியில படுக்கை ஒதுக்கற ப்ரோக்ராமா? ஒரே படுக்கையை ரெண்டு பேருக்குக் கொடுத்துடுதா? அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. படுக்கை காலியான்னு பாக்கறதுக்கு முன்னாடியே, வேற யாரும் தொடாதபடி அதைப் பூட்டிடணும். யாரோ அவசரத்துல, பாத்துட்டு அப்புறமா பூட்டற மாதிரி மாத்தி வெச்சிருப்பாங்க. ரெண்டு கவுன்ட்டர்லயும் ஒரே நொடியில பாத்தா ரெண்டு பேருக்கும் காலின்னுதானே காட்டும்? வரிசையை மாத்திப் போடுங்க, சரியாயிடும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நானும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்தான் தம்பி. அவரும் நானும் ஒரே வகுப்பு. அப்பெல்லாம் வாடா போடான்னுதான் பேச்சு, கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவரு ஆனாரு. மார்க்கு எனக்குத்தான் கூட. அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு.

கிடைச்சுதே, எனக்கும் வேலை கிடைச்சுது. சேர வேண்டிய மாசம் பொண்ணு வயித்துல. ஒரு வருஷம் போகட்டும்னோம். அந்த ஒரு வருஷம் பன்னெண்டாச்சு.

அவருக்கு மனுஷங்களோட பேச நல்லா வரும். மீட்டிங்ல அவரு வாயைத் திறந்தா உங்க மேனேஜரே தலையாட்டுவாராமே? உட்கார்ந்து எழுதறதுன்னாதான் கை ஓடாது. மொத வருஷம் ஒரு ராத்திரி அழுதுட்டாரு. சரி கொடுங்கன்னு ஒரே ஒரு தப்பைத் திருத்திக் கொடுத்தேன். அப்புறம் பாதி. வீட்லேர்ந்தே வேலைன்னு ஆனப்புறம் முழுசும். காலைல பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து நான் உட்காருவேன், அவரு சமைப்பாரு. நல்லா சமைப்பாரு தம்பி, இல்லேன்னு சொல்லக் கூடாது.

ஆமா, ப்ரோக்ராமுக்கு நடுவுல எழுதின விளக்கமெல்லாமும் என்னோடதுதான். அண்ணன் எழுதினா கதை படிக்கிற மாதிரி இருக்குன்னு நீங்கல்லாம் கிண்டல் பண்ணுவீங்களாமே? அதை அவரு வந்து சொன்னா, எனக்கு அன்னிக்குப் பூரா கால் தரையில பாவாது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்கன்னு போட்டிருந்துது. விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். படிப்பு எழுதியாச்சு. அடுத்தது அனுபவம்னு ஒரு கட்டம். என்ன எழுதுவேன், சொல்லுங்க? உள்ளதை எழுதினா, போயிட்ட மனுஷனைத் திருடன்னு எழுதின மாதிரி. விட்டுட்டா, பன்னெண்டு வருஷமா வீட்ல சும்மா இருந்தேன்னு ஆகும். ஒரு வாரமா கட்டம் காலியாவே கெடக்கு.

ஐயோ, வேண்டாம் தம்பி. மேனேஜர்கிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அவரைப் பத்தி அங்க நல்லதாத்தானே பேசிக்கிறாங்க? அப்படியே பேசட்டும். பொண்ணு காதுல விழற பேச்சு அது. எனக்கு வேற எங்கயாவது, சின்னதா ஏதாவது கிடைக்கும். லேப்டாப்பை எடுத்துக்கோங்க. இந்தாங்க, இறப்புச் சான்றிதழ் நகல். அதையும் கேட்டிருந்தாங்க.

தேதியா? சரியாத்தான் போட்டிருக்காங்க.

அந்த வாரம் சனிக்கிழமைதான் உங்க ஆபீசுக்கு போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரு பேர்ல வேலை வந்திருக்கும், வாஸ்தவம். அவரு போனது திங்கக்கிழமை விடிகாலைல. செவ்வாய்க்குள்ள எல்லாம் முடிஞ்சுது. எங்கம்மா பொண்ணை நாலு நாள் தன்னோட வெச்சுக்கிறேன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. புதன்கிழமை ஒம்பது மணிக்கு இந்த லேப்டாப்பைத் திறந்தேன். உங்களுக்கெல்லாம் தகவல் சொல்லத்தான் திறந்தேன், சத்தியமா. திறந்த உடனே அவரு பேருக்குப் பக்கத்துல, ஆள் இருக்காருன்னு காட்டற பச்சைப் புள்ளி வந்துடுச்சு. நீங்கதான் மொதல்ல பாத்தீங்க. குட் மார்னிங் அண்ணா, ரெண்டு நாளா ஆளையே காணோமேன்னு அனுப்பினீங்க, ஞாபகம் இருக்கா?

லேசா காய்ச்சல், இப்ப நல்லா இருக்கேன்னு அவரு மாதிரியே பதில் அடிச்சேன்.

மூணு நாள் நல்லா இருந்தாரு தம்பி.