எதிரெதிரே ஏழு சுற்று

— அதனாலதான் இஞ்சினியரம்மா, முதல்லயே சத்தியம் பண்ணிருதேன். தாமிரபரணித் தண்ணி குடிச்ச வாயி இது. இனிமே நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. அந்த வேப்பமரம் சாட்சி.

— நானும் அந்தத் தண்ணிதான் குடிக்கேன் மைதீன் அண்ணாச்சி. எனக்குத் தெனமும் ரெண்டு பொய் வருது. சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க பூங்காக் குழு மாசாமாசம் கூடுதா, இல்லையா?

— மாசாமாசமா? தெனமும் காலையில ஆறு மணிக்குக் கூடுது.

— எங்கன வச்சு?

— இந்த நடைபாதையிலதான். நடங்க, நடந்துக்கிட்டே பேசுவோம். நின்னா கூட்டம் கலைஞ்ச மாதிரி ஆயிரும்.

— நடக்கேன். ஆனா ஒண்ணு. வண்டியில பலகை கெடக்கு. ‘அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் நடக்கவும்.’ காதுல பாட்டை மாட்டிக்கிட்டு எதுக்க ஓடியாந்த பய ஒருத்தன் ஜயலக்ஷ்மியம்மாளை இடிச்சுத் தள்ளிட்டான்னு எழுத்துல புகார் வந்திருக்கு. பத்து மணிக்கு எங்க ஆளு மாரிசெல்வம் பலகைய நட்டுருவான். வேண்டாம்னா உங்க குழு கூடித் தீர்மானம் போட்டு எழுத்துல தரணும்.

— எழுத்துக்கு எங்க நேரம்? நாங்க வாயால தீர்மானம் போடுத கூட்டம். தலைவர் ராமசுப்பு சாரு, கணக்கு வாத்தியாரா இருந்தவரு. செயலாளர் நான். அவருக்கு நெல்லையப்பர் பிரகாரம் சுத்தின காலு, வலமாத்தான் போவும். எனக்கு மக்காவுல கஅபாவைச் சுத்திட்டு வந்த காலு, இடமாத்தான் திரும்பும். ரெண்டு பேரும் வாசல்ல இருந்து ஆளுக்கொரு பக்கம் பொறப்பட்டா, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ எதிரெதிரே வருவோம். அந்தக் குழாயடியில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. ஏழு சுத்துக்குப் பதினாலு சந்திப்பு. சந்திப்புக்கு ஒரு வாக்கியம். நின்னு பேசப்புடாது. வளவளப்புக்கே இடம் கிடையாது.

— மத்த உறுப்பினர்க?

— பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. அவங்க எதிர்க்கட்சி.

— அப்படி என்னத்தத் தீர்மானிச்சிய?

— அன்னா நிக்கே மருத மரம், அதையே எடுத்துக்கிடுங்க. கரண்டுக் கம்பியில சாயுதுன்னு வெட்டுததுக்கு உங்க ஆளு மாரிசெல்வம் கோடாலியோட வந்துட்டான். குழாயடியில வச்சு சாரு ‘வெட்ட’ன்னாரு. அதுக்குள்ள தாண்டிட்டோம். வெட்டணுமா, வெட்டப்புடாதா? அரைச் சுத்து நான் தவிச்சுப் போனேன். மாரிசெல்வம் ஓங்கின கோடாலிய இறக்கல. அந்தக் கை மேல ஒரு மைனா வந்து உக்காந்து ரெண்டு சுள்ளியும் கொண்டாந்து வச்சிட்டு. வாசல்ல வந்துதான் சாரு ‘ப்புடாது’ன்னு முடிச்சாரு. மரம் தப்பிச்சிது. மைனாவுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

— மாரிசெல்வம் வேலைக்குச் சேந்தே ஆறு மாசம்தான் ஆவுது அண்ணாச்சி.

— அப்பம் அவன் மாமனா இருக்கும். கையி ஒண்ணுபோலதான் இருந்துது.

— சிரிப்பு காட்டாதிய. எனக்கு மூச்சு வாங்குது, பைய நடங்க.

— சிரிக்கதுக்கா சொல்லுதேன்? மழை பேயா பெஞ்ச வருசம் பாளையங்கோட்டையில பாதித் தெருவு வெள்ளம். இங்கன முழங்கால் தண்ணி. அன்னைக்கும் கூட்டம் நிக்கல. அவரு வலமா, நான் இடமா. தண்ணிக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியல. ஒரு நாழி திகைச்சு நின்னுட்டு, அப்படியே பூமிக்குள்ள எறங்கிட்டு. சுத்து வட்டாரத்துல பூராக் கெணறும் ஊறுனது அதுலதான். ஒரே பக்கமா நடந்திருந்தோம்னா சுழி விழுந்து வேலியெல்லாம் போயிருக்கும். அதையும் உங்க கோப்புல எழுதிக்கிடுங்க.

— எழுதுனா என்னைய மாத்திப்புடுவாங்க. சரி, பாதை நடுவுல இப்படிக் குழி கெடக்கே, இது யாரு தோண்டுனது?

— பாதை நடுவுலயா? ஓரத்துலல்லா இருக்கு. நேத்து நான் தோண்டுனது. நாளைக்கு அதுல கன்னு நிக்கும்.

— யாரு வைப்பா?

— ராமசுப்பு சாரு.

— என்ன கன்னு?

— அது நாளைக்குத்தான் எனக்குத் தெரியும்.

— செயலாளருக்கே தெரியாதா? நல்ல குழு! ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி, மாநகராட்சியில இருவது பூங்கா பாத்துட்டேன். இப்படி ஒரு காஞ்ச கெளை இல்லாம எங்கயும் பாக்கல.

— பன்னி மேஞ்ச குப்பைமேடு தாயி இது. உங்க ஆபீசு வேலி போட்டுது. மிச்சத்த நாங்க பாத்துக்கிட்டோம். அன்னா, எதுக்க வாராருல்லா, வெள்ளைத் துண்டு, அவருதான் சாரு.

— ராமசுப்பு சார், வணக்கம்! நான் சித்ரலேகா, மாநகராட்சியில இருந்து.

— வணக்கம்மா. குழாயடியில பாசி பிடிச்சிருக்கு. பாத்து வரச் சொல்லுங்கோ... பாத்து வாங்கோ.

— அண்ணாச்சி, என்ன இது? எனக்குச் சொல்லிட்டுப் போறாரு, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல?

— வெளியாளு இருக்கும்போது சபை நடவடிக்கை கிடையாது. விதி.

— எனக்குப் பதில் சொன்னாரே?

— அது விருந்து உபசாரம். வேற விதி.

— நான் ஒண்ணு கேக்கேன், கோவிக்காதிய. பலகை நட்டா உங்களுக்கு நல்லதுதானே? ரெண்டு பேரும் சேந்து நடக்கலாம். பதினாலு வாக்கியம் என்னத்துக்கு, ஏழு சுத்தும் பேசிக்கிட்டே போலாமே.

— சேந்து நடந்தா பேச்சு கூடும். பேச்சு கூடுனா வாக்குவாதம் வரும். அந்தா தெரியுதே, அந்த வாகை மரம், அது பேச்சு கூடிப் பட்டுப்போயி மறுபடி துளுத்த மரம்.

— அண்ணாச்சி, மைனாவும் வேண்டாம், வாகையும் வேண்டாம். ஒரு அம்புக்குறிக்கா நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ போன் பண்ணுனிய? எங்கிட்ட நிசத்தச் சொல்லுங்க. ஒரே பக்கமா நடந்தா உங்களுக்கு என்ன போயிரும்?

— ...அவருக்கும் எனக்கும் ஒரே வேகம் தாயி.

— அதனால?

— ஒரே பக்கமா நடந்தா அவரு அந்த மூலையில போவாரு, நான் இந்த மூலையில போவேன். எம்புட்டு நாளு சுத்துனாலும் எட்டாது. அவரு முதுகு தெரிஞ்சாத்தான் உண்டு. இப்பம்னா தெனமும் பதினாலு தடவ மொகத்தப் பாக்கேன். போன வருசம் நெஞ்சுக்கு வைத்தியம் பாத்துட்டு வந்தாரு. மொதல் சுத்துல மொகம் எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் எனக்கு ரெண்டாவது சுத்து ஓடும்.

— இருங்க, இந்த பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிடுதேன். ‘பூங்காக் குழு இன்று காலை கூடி, இரு திசையிலும் நடக்க அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஓடுவோருக்குக் காலை ஏழு மணிக்கு மேல் மட்டும் அனுமதி.’ சரியா?

— ஜயலக்ஷ்மியம்மா சந்தோசப்படுவா. ஓடுத பயலுவ வெயில்ல ஓடட்டும்.

— மாரிசெல்வம்! பலகைய எறக்காத, அப்படியே கெடக்கட்டும். திருப்பிக் கொண்டுட்டுப் போயிருவோம்... ‘முன்மொழிந்தவர் முகம்மது மைதீன்.’ இதுல போடுங்க கையெழுத்து. ‘வழிமொழிந்தவர் ராமசுப்பு.’ அன்னா, சாரு மறுபடி வாராரு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லி அவர்கிட்டயும் வாங்கிக் குடுத்துருங்க, நான் கெளம்புதேன்.

— நீங்களே கேளுங்க தாயி.

— ஏன்? தெனமும் பதினாலு வாக்கியம் பேசுத ஆளுதானே!

— அவரும் நானும் பேசிப் பதினோரு வருசம் ஆச்சு.