கதிரை மாறிய அதிபர்கள்

மார்ச் 12, புதன். காலையில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, மகளின் விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். இந்தக் கிழமை முழுக்க இதே பதில்தான். வெள்ளிக்குள் கொடுக்காவிட்டால் புதிய பள்ளியில் மகளின் இடம் போய்விடும்.

மாலை சாவகச்சேரி பஸ்ஸில் அந்த அதிபரே என் முன் இருக்கையில் இருந்தார்; பத்திரமோ வீட்டில். பக்கத்தில் இன்னொரு பள்ளியின் அதிபரான ஓர் அம்மா.

"வகுப்புகளுக்கு நேரசூசி போட இருந்தால் ஆக்கள் வந்து கதவைத் தட்டுகினம், சேர். நீங்கள் எப்பிடி முடிச்சனியள்?"

"சண்டிலிப்பாயிலை ஒரு சின்னப் பள்ளிக்கூட அதிபரும் நானும் கதிரை மாறி, அங்கை நானும் என்ரை அறையிலை அவருமா இருக்கிறம், டீச்சர். அங்கை என்னை ஆருக்குத் தெரியும்?"

"ஆராவது வந்து அதிபரைக் கேட்டால்?"

"அவர் இல்லை எண்டு நானே சொல்லுவன். பொய்யோ?"

"உங்களைத் தேடி வாற ஆக்கள் பாவமெல்லே!"

"நாளைக்கும் அங்கைதான்."

மார்ச் 13, வியாழன். காலை முதல் வேலையாக, பத்திரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு பஸ் ஏறினேன்.