பெஜோவின் டர்போ மேல் குற்றமில்லை

பழைய காருக்கு டர்போ வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். இன்ஸ்பெக்டர் சார், நானாக நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் இதோடு ஒட்டிக்கொண்டு வரும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உடைந்த வண்டியைப் பார்க்க மோட்டார் வாகன அதிகாரி வந்தாராம். பானெட்டைத் திறந்து, "இது இன்னாப்பா, நத்த கணக்கா?" என்று கேட்டாராம். கேட்டதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் கொஞ்சம் மரியாதையோடு திரும்பியிருப்பார். பழைய வண்டியில் இல்லாத கருவியைப் பொருத்தினார்கள், வேகம் கட்டுக்கு அடங்கவில்லை, அதனால் விபத்து என்று சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். என்னவென்றே தெரியாத பொருளின் மேல் எத்தனை சுலபமாகப் பழியைப் போடுகிறார்கள் பாருங்கள். என் தம்பி சிவப்பிரகாசம் செத்தது டர்போவால் இல்லை.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். சாமிநாதன், பாகூர். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இளம் வயதில் பிரான்சில் லியோன் நகருக்குப் போனவன். அங்கே ஒரு லாரிப் பட்டறையில் என் ஆயுளின் நல்ல பாதி போயிற்று. அப்பா இறந்த பிறகுதான் திரும்பி வந்தேன். வந்ததிலிருந்து இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் கிடையாது. பம்புசெட், மழை, கரும்பு ஆலை எப்போது வெட்டச் சொல்லும், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் நீர்த்துப்போனது. இதைத் தாண்டி இவர்கள் வாயில் ஒரு வார்த்தை வராது. தம்பியும் அப்படித்தான். நல்லவன் என்று ஊரே சொல்கிறது. யோசிக்கத் தெரியாதவனைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

அப்பா விட்டுப்போனது மூன்று. ஏரி மதகை ஒட்டிய நஞ்சை. கரியமாணிக்கம் போகிற வழியில் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். பிரான்சுக்கே திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அவர் ஆசையாக வாங்கிய பெஜோ கார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். அப்போதுதான் மூத்தவன் நேர்மையாக வைப்பானாம். நான் நஞ்சையை ஒரு பங்காக வைத்தேன். மேட்டு நிலத்தையும் பெஜோவையும் இன்னொரு பங்காக வைத்தேன். மடைத் தண்ணீர் பாய்கிற நிலத்தை விட்டுவிட்டு வறண்ட மேட்டை எந்தச் சம்சாரி எடுப்பான்? தம்பி நஞ்சையை எடுப்பான், வண்டி எனக்கு வந்துவிடும். மேட்டு நிலம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

ஊர்ப் பெரியவர் பலராமன் முன்னிலையில் தம்பி கையைக் காட்டியது மேட்டு நிலத்தை. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாடா பிரகாசம், தெரிஞ்சிதான் எடுக்கறியா?"

"தண்ணி இல்லாங்காட்டிதான அது மேடு? கெணறு கீது. இஞ்சினு வண்டியில கீது. கயட்டி பம்புல மாட்டிட்டா கரும்பே போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிச் சிரித்தார்கள். ஒரு பெஜோவை, அந்த இஞ்சினை, கிணற்று மேட்டில் கொட்டகை போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் இறைக்கப்போகிறான். எனக்கு நஞ்சை கிடைத்ததே என்று வந்து கையைக் குலுக்கியவர்களும் உண்டு. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நாள் தம்பியிடம் கேட்டேன். கழற்றுவதற்கு முன்னால் வண்டியை ஒரு மாதம் என்னிடம் கொடு, ஒரு வேலை செய்கிறேன், ஓட்டிப் பார், அப்புறமும் கழற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றிக்கொள் என்றேன். "உன் ஆசைக்கி செய்யிண்ணே. நடவுக்கு முன்னால குடுத்துடு, போதும்" என்றான். குழந்தைக்குப் பொம்மை கொடுக்கிற குரலில் சொன்னான்.

டர்போ என் பெட்டியில் இருந்தது. லியோனில் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து எடுத்துவந்தேன். சாதாரண டர்போ இல்லை, இரட்டைச் சுருள். உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். இஞ்சின் வெளியே விடுகிற புகைக்கு வேகம் இருக்கிறது. அது வீணாகப் பின்னால் போகிறது. அதை ஒரு சக்கரத்தின் மேல் அடிக்க விட்டால் சக்கரம் சுற்றும். அதே அச்சில் மறுபுறம் உள்ள சக்கரம் காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூட எரியும், சக்தி கூடும். இதில் ஒரு தொல்லை உண்டு. சின்ன இஞ்சினில் சாதாரண டர்போ வைத்தால், மிதித்தவுடன் எழுந்திருக்காது. தூங்கிக் கிடந்துவிட்டு, திடீரென்று விழித்துக்கொண்டு தள்ளும். நாலு சிலிண்டர் புகையும் ஒரே குழாயில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுதான் காரணம். நம் ஏரியில் இரண்டு மதகுத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? அதேதான். இரட்டைச் சுருளில் ஒன்றாவது, நாலாவது சிலிண்டருக்கு ஒரு வழி. இரண்டாவது, மூன்றாவதற்கு இன்னொரு வழி. ஒன்றின் மூச்சை இன்னொன்று தடுக்காது. மெதுவாகப் போகும்போதே சக்கரம் சுறுசுறுப்பாக இருக்கும். மூன்றாவது கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தாலும், மிதித்த மாத்திரத்தில் இழுக்கும். கியரைக் குறைக்க வேண்டாம், இஞ்சினை அலறவிட வேண்டாம்.

இதை நான் தம்பிக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ பம்புல வெச்சாலும் தண்ணி ஜாஸ்தி வருமாண்ணே?" என்றான்.

ஹெட்டுக்குத் தடிமனான கேஸ்கட் போட்டேன். டர்போவுக்குத் தனி ஆயில் குழாய் இழுத்தேன். புகைக் குழாயை இரண்டாகப் பிரித்து நானே வெல்டு வைத்தேன். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. எந்தப் பட்டறையிலும் நிறுத்திக் காட்டலாம்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஓட்டினேன், தம்பி பக்கத்தில். ஏரிக்கரைச் சாலை உங்களுக்குத் தெரியும். நேராக ஓடி, புளியமரத்தடியில் சட்டென்று மடங்கி, மதகுக் கல்லை ஒட்டிக் கீழே இறங்கும். கரை ஏறியதும் மிதித்தேன். சார், அந்த இழுப்பை நான் எப்படிச் சொல்வேன். அப்பா வண்டிக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சொல்ல வெட்கமில்லை. தம்பி தொடையில் தட்டிக்கொண்டு, "இன்னாண்ணே இது, ஏரோப்ளேன் கணக்கா போவுது!" என்று கத்தினான்.

புளியமரம் வந்தது. பிரேக்கை மிதித்தேன். பாறையை மிதித்த மாதிரி இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த வண்டியில் பிரேக் மிதிக்கிற காலுக்குத் துணையாக ஒரு டப்பா உண்டு. இஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பில் அது வேலை செய்யும். இஞ்சினிலிருந்து டப்பாவுக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. உறிஞ்சுகிற குழாய் தானாகவே இறுக்கிக்கொள்ளும், அதற்குக் கிளிப் வேண்டாம், கம்பெனியும் போட்டிருக்கவில்லை. டர்போ வைத்த பிறகு அதே இடத்தில் காற்று உறிஞ்சவும் செய்யும், ஊதவும் செய்யும். முழுசாக மிதித்ததும் குழாயை ஊதிக் கழற்றிவிட்டது. அதற்கு ஒரு கிளிப் போட நான் மறந்திருந்தேன். ஒரே ஒரு கிளிப். நான் கியரை அடுத்தடுத்துக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, திருப்பத்தைச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு எதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். குழாய் கழன்று தொங்கியது. கிளிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திருப்புளியைத் தேடினேன். அப்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, இத போய் பம்புல வெச்சா எனக்கு சோறு எறங்காது. நீயே வெச்சிக்க. நான் பழைய டீசல் இஞ்சினு ஒண்ணு பாத்துக்கறேன்."

நான் கிளிப்பை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா வண்டி, உங்கிட்டயே இருக்கட்டும். உனக்குந்தான் வேற இன்னா கீது இங்க?"

இதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் தோளில் கைகூட வைத்தான். சேற்றுக் கை.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. வண்டிதான் கிடைத்துவிட்டதே என்கிறீர்கள். கிடைக்கவில்லை சார். கொடுக்கப்பட்டது. லியோனில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர்கள் உண்டு. அப்படிப்பட்ட எனக்கு, இஞ்சின் என்றால் தண்ணீர் இறைக்கிற சாமான் என்று நினைக்கிறவன், எனக்கு வேறு ஒன்றுமில்லை என்று பாவப்பட்டுத் தானம் பண்ணுகிறான். அதையும் வீட்டுக்குள் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்துதான் சொல்கிறான். நாளைக்கு ஊரே பேசும், தம்பி எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று. நான் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் பேசும்.

நான் கோபப்படவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

"குடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு வாட்டி நான் ஓட்டிக்கறேண்ணே" என்றான். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழாயைக் கட்டைவிரலால் அழுத்தி இடத்தில் செருகினேன். பானெட்டை மூடினேன்.

அவனுக்கு டிராக்டர் ஓட்டித்தான் பழக்கம். அதனால் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். "கரை ஏறனதும் மிதி. முழுசா மிதி. புளியமரம் வர்ற வரிக்கும் கால எடுக்காத. அங்க வந்து பிரேக்க மிதிச்சா போதும், நல்ல பிரேக்கு." அவன் தலையை ஆட்டினான். அண்ணன் சொல்லை அவன் ஒருபோதும் தட்டியதில்லை.

வீட்டு வாசலிலிருந்தே கேட்டது. முதலில் டர்போவின் விசில், நீண்டு, சுத்தமாக. ஒரு தடங்கல் இல்லை. பிறகு மதகுக் கல்லின் சத்தம்.

நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். பானெட் பிளந்து கிடந்தது. குழாய் கழன்றிருந்தது, நினைத்த மாதிரியே. டர்போவில் ஒரு கீறல் இல்லை. காற்றுக் குழாயை விலக்கி, விரலை விட்டுச் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிறகுதான் பக்கக் கதவைத் திறந்தேன். அப்போது பிரகாசத்துக்கு மூச்சு இருந்தது. வயலில் இருந்தவர்கள் வந்து சேர்ந்தபோது இல்லை.

இந்தாருங்கள், அந்தக் கிளிப். உங்கள் அதிகாரியிடம் காட்டுங்கள். எங்கே மாட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறதா பார்க்கலாம். வேகம் கட்டுக்கு அடங்காமல் போகவில்லை. வேகம் நான் சொன்ன இடம் வரைக்கும் சொன்னபடி போயிற்று. என் தம்பியைக் கொன்றது நான். என் வேலையில் பழுதில்லை என்பதை மட்டும் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. தையலம்மாள், தம்பி பெண்டாட்டி, என்னைப் பற்றி உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். அன்றைக்குத் தம்பி ஓட்டக் கிளம்பியபோது அவளும் வண்டியில் ஏறப் போனாள். பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். "ஒரு ரவுண்டுதான மாமா, வந்துடறோம்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். தம்பி மனைவியின் கையை மூத்தவன் தொடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த ஒன்றை வைத்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நீங்களும் அதை எனக்கு எதிராகவே எழுதியிருப்பீர்கள்.

நல்லது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் அது என்னால்தான். இதுவரை அதற்கு அவள் எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.