ஆறு இருபத்துநாலுக்கு ஐம்பத்தெட்டு கிலோ

மணி ஆறு இருபது. சாயங்காலம். சிப்காட்டின் கடைசி கம்பெனி மதில் முடிகிற இடத்தில் இடது கைப்பக்கம் ஒரு ரோடு பிரியும். மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்... நடுவில் ஒரு டீக்கடை கூடக் கிடையாது. அந்த ரோடு போய் முடிகிற இடம்தான் ஏர்போர்ட்.

சிரிக்க வேண்டாம். ஏர்போர்ட்தான். ஒரே ஒரு ஹால், ஒரே ஒரு கவுண்டர், பழைய போர்க்காலத்து ஓடுதளம். இங்கே இத்தனை வருஷம் வேலை பார்த்தும் உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் இருட்டின பிறகு அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

கரண்ட் வர எப்படியும் அரை மணி ஆகும். அதுவரை சொல்கிறேன். நம் ரூம் விமலுடைய அக்கா ஏஞ்சலினுக்கு நடந்தது இது. அவன் நைட் ஷிப்ட் போயிருக்கிறான், அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். அவன் இருந்தால் என் வாயைப் பொத்துவான். அன்பு, அந்தக் கதவைச் சாத்து. சும்மா, காற்றுக்காகத்தான்.

அந்த ஏர்போர்ட்டில் இதுவரை மூன்று கம்பெனிகள் விமானம் விட்டிருக்கின்றன. முதல் கம்பெனியின் விமானத்தில் ஒன்பது சீட். வாழைமரம் கட்டி, லட்டு கொடுத்து ஆரம்பித்தார்கள்; ஐந்தே மாதம். அப்புறம் ஓடுதளத்தில் ஆடு மேய்ந்தது. சிப்காட் பையன்கள் அங்கேதான் கார் ஓட்டப் பழகினார்கள். இரண்டாவது கம்பெனி பத்தொன்பது சீட் விமானத்தோடு வந்தது. தினமும் ஆறு பத்துக்கு பெங்களூரிலிருந்து வரும், ஆறு ஐம்பதுக்குத் திரும்பிப் போகும். ஊர்க்காரர்கள் அதை 'வேன்' என்றுதான் சொல்வார்கள். 'ஆறு ஐம்பது வேன் போயிடுச்சா?' என்று கேட்டு உலை வைப்பார்கள். அது ஒரு வருஷம் ஓடியது. மூன்றாவது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது; அதே பத்தொன்பது சீட், அதே நேரம்.

கம்பெனிதான் மாறும். ஆட்கள் அதே ஆட்கள். கவுண்டரில் ஏஞ்சலின், வாசலில் செக்யூரிட்டி சாம்சன், மூட்டை ஏற்ற இரண்டு பேர். சட்டை மட்டும் நீலம், ஆரஞ்சு, வெள்ளை என்று மாறிக்கொண்டே போனது. ஏஞ்சலினுடைய அம்மாவும் அப்பாவும் களை எடுத்தவர்கள், பிறகு இரும்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் ஏசிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். அந்த நாற்காலி அவளுக்கு உயிர்.

சின்ன விமானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மட்டும் எடை போட்டால் போதாது, ஆளையும் போட வேண்டும். கவுண்டர் பக்கத்தில் எடை மெஷின். ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். சிவப்பு எழுத்தில் எண் வரும். மெஷினே எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாள் அடித்துக் கொடுக்கும். அதைப் பைலட் பார்த்து, கனமானவர்களை முன்னால் உட்காரவைத்து, அப்புறம்தான் கிளப்புவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. ஆறு இருபதுக்குக் கவுண்டர் மூடிவிடும். அதற்கு மேல் வந்தவரைத் திருப்பி அனுப்பினால் ஏன், எதற்கு என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். அந்தத் தொல்லைக்கு யார் போவார்கள்? 'வரவில்லை' என்று ஒரு டிக் அடித்துவிடுவார்கள். வந்து நின்ற ஆள் வராத ஆளாகிவிடுவார். எல்லாரும் செய்வதுதான். ஏஞ்சலினும் செய்தாள்.

இரண்டாவது கம்பெனி காலத்தில், ஐப்பசி மழையில், ஒருநாள் கலியன் என்று ஒருவர் வந்தார். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். ஏரியில் இறால் பிடிக்கிறவர். அவருடைய பத்து வயசுப் பெண் பூமிகாவுக்குப் பெங்களூரு ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் ஆபரேஷன். இரத்தத்தில் என்னவோ கோளாறு. தாய் கூட இருக்கிறாள். ஆனால் பிள்ளை 'நைனா வந்தாதான் உள்ள போவேன்' என்று அடம். குப்பத்தில் எல்லாரும் சேர்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மூன்று கிலோமீட்டரும் நடந்தே வந்திருக்கிறார். வேட்டி முழங்கால் வரை சேறு. உள்ளே வரும்போது மணி ஆறு இருபத்துநாலு.

யாரும் சொல்லாமலே எடை மெஷினில் ஏறி நின்றுவிட்டார். அதுதான் முறை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏறிட்டேம்மா. அம்பத்தெட்டு காட்டுது. எய்திக்கோ."

"கவுண்டர் மூடியாச்சுங்க."

"இன்னாம்மா... பிளேனு அதோ கண்ணெதிர்ல நின்னுகினு கீதே?"

"ரூல்ஸ்ங்க. இறங்குங்க."

அவர் சத்தம் போடவில்லை. இறங்கவும் இல்லை. கடைசியில் சாம்சன்தான் தோளைப் பிடித்து இறக்கினான். வெளியே போய்க் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். விமானம் அன்றைக்கு மழையால் ஏழே காலுக்குத்தான் போனது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா நின்றது... அவரும் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏஞ்சலின் நிமிரவே இல்லை. 'வரவில்லை' என்று டிக் அடித்தாள்.

எட்டு மணிக்கு அந்த ரோடு பிரிகிற திருப்பத்தில், இரும்பு ஏற்றி வந்த டிரெய்லர் ஒன்று அவரை அடித்துப் போட்டது.

போலீஸ் வந்து விசாரித்தது. லிஸ்டைப் பார்த்தது. வரவில்லை என்று போட்டிருக்கிறது. ஆள் ஏர்போர்ட்டுக்கு வந்து சேரவே இல்லை என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டார்கள். ஏஞ்சலின் வாயைத் திறக்கவில்லை. சாம்சனும்தான். வேலை போய்விடுமே!

கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியும் போனது. ஒரு வருஷம் கழித்து மூன்றாவது வந்தது. அப்போது தரை துடைக்கப் புதிதாக ஒரு அம்மாவைச் சேர்த்தார்கள். செங்கம்மாள். கலியனுடைய கூடப்பிறந்த அக்கா.

"என் தம்பி இங்க வரணும்னுதான் கெளம்புனான்மா. வந்து சேரல. நானாவது வந்து சேந்தேன்" என்று முதல் நாளே சொன்னாள். ஏஞ்சலினுக்குச் சோறு இறங்கவில்லை.

புது விமானம் ஓடத் தொடங்கிய முதல் சாயங்காலம். பதினோரு பேர். எல்லாரையும் எடை போட்டாகிவிட்டது. மெஷின் மேல் யாரும் இல்லை, சிவப்பில் சைபர். கடிகாரத்தில் ஆறு இருபத்துநாலு.

ஒரு வாடை வந்தது. உப்புத் தண்ணீரும் காய்ந்த இறாலும்.

மெஷின் 'கிர்ர்' என்றது... மேல் தகடு ஒரு விரற்கடை அமுங்கியது. ஐம்பத்தெட்டு.

மெக்கானிக் வந்தார், திறந்தார், தட்டினார், மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். மறுநாள் ஆறு இருபத்துநாலு. ஐம்பத்தெட்டு. புது மெஷின் வந்தது. அதிலும் ஐம்பத்தெட்டு. அப்படியே இருக்கும். விமானம் கிளம்பினதும் சைபர் ஆகிவிடும். பைலட் எபினேசர் தாளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, பேரில்லாம ஒரு அம்பத்தெட்டு கிலோ?" என்று சத்தம் போட்டார். திரும்ப எல்லாரையும் ஏற்றி இறக்கி, தினமும் லேட். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் இதையும் மூடுவோம் என்று மேலேயிருந்து கடிதம் வந்தது. ஏஞ்சலின் மெஷின் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கையால் கூட்டி எழுதத் தொடங்கினாள். ஐம்பத்தெட்டைக் கழித்துவிடுவாள். அந்த மனுஷனைத் தினமும் ஒருமுறை இறக்கிவிட்ட மாதிரி இருக்கும் அவளுக்கு.

இது போதாதென்று செங்கம்மாள். ஆறரை மணிக்குத் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நிற்பாள். பெங்களூரிலிருந்து அந்த நேரத்துக்குப் பூமிகாவிடமிருந்து போன் வரும்.

"அப்பன் போனதுல தள்ளிப்போன ஆபரேசன் இப்பதான் நல்லா ஆயிடுச்சும்மா. நடமாடுது. அடுத்த மாசம் ஊட்டுக்கு அனுப்புறேன்னுட்டாங்க" என்பாள். பிறகு குரலைத் தாழ்த்துவாள். "ஒண்ணே ஒண்ணுதான் பேஜாரு. சாயங்காலமானா ஒரு மாதிரி பேசுது. 'அத்தே, நைனா வந்துட்டாரு... கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுகினு கீறாரு, உள்ள உட மாட்டேன்றாங்க'ன்னு அழுவுது. செத்தவன் எங்கம்மா வருவான்? அவன்தான் இங்கயே வந்து சேரலியே!"

ஏஞ்சலின் ஒருநாள் இரவு முழுக்க ஜெபித்தாள். தூக்கம் இல்லை. அந்தப் பிள்ளை அழுவது காதிலேயே இருந்தது. அப்பனைப் பிள்ளையிடம் போக விடாமல் தடுத்து வைத்திருப்பது தான்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினதைச் செய்துவிடுகிற ரகம் அவள். நாம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

மறுநாள். பதினான்கு பேர்; ஐந்து சீட் காலி. ஆறு இருபத்துநாலு... வாடை... 'கிர்ர்'... ஐம்பத்தெட்டு.

அவள் லிஸ்டைத் திறந்து பதினைந்தாவது பெயரை எழுதினாள். கலியன். எடை ஐம்பத்தெட்டு. பக்கத்தில்: வந்தார். போர்டிங் பாஸ் ஒன்று அடித்து மெஷினின் தகட்டின் மேல் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க. போயிட்டு வாங்க. பாப்பா காத்துகினு இருக்குது" என்றாள்.

சைபர். தகட்டின் மேல் வைத்த பாஸ் இல்லை. ஓடுதளப் பக்கத்துக் கதவு தானாகத் திறந்து, ஒரு ஆள் நுழைகிற நேரம் திறந்தே இருந்து, மூடிக்கொண்டது.

படியருகே நின்று தலை எண்ணிய சாம்சன் வாக்கிடாக்கியில், "பதினஞ்சு பேர் ஏறிட்டாங்க ஏஞ்சலு" என்றான். சொன்னதும் அவனுக்கே சந்தேகம் வந்து திரும்ப எண்ணப் போனான். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். விமானம் சரியாக ஆறு ஐம்பதுக்குக் கிளம்பியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஏஞ்சலின் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். விடியும் வரை தூங்கினாள்.

அடுத்த நாள் சாயங்காலம். ஆறு பத்துக்கு விமானம் வந்தது. இறங்கியவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு ஹாலைக் கடந்து வெளியே போனார்கள். எபினேசர் உள்ளே வந்து தண்ணீர் குடித்தார்.

"பெங்களூர்ல கணக்கே சரியா போடல போல. வண்டி கொஞ்சம் கனமாவே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் காதில் அது சரியாக விழவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு இருபத்துநாலு. சைபர். ஆறு இருபத்தைந்து. சைபர்... ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று நெஞ்சில் கை வைத்தாள். உடம்பெல்லாம் லேசானது.

ஆறு இருபத்தெட்டு. ஓடுதளப் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு ஆள் நுழைகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் திறந்தே இருந்தது.

இறால் வாடை. அதோடு கூடவே இன்னொன்று... ஆஸ்பத்திரி பினாயில்.

'கிர்ர்.' ஐம்பத்தெட்டு.

திரும்பி வந்துவிட்டாரா? பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாரா? கேட்க அவள் வாயெடுத்தாள்.

தகடு இன்னும் கொஞ்சம் அமுங்கியது. மெதுவாக, ஒரு காலை வைத்து, அப்புறம் இன்னொரு காலை வைக்கிற மாதிரி. எண்பத்தேழு.

ஏஞ்சலின் அந்தக் கவுண்டரில் ஆயிரக்கணக்கானவர்களை எடை போட்டவள். ஐம்பத்தெட்டு போக இருபத்தொன்பது. அது எந்த வயசுப் பிள்ளையின் கனம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் எதற்காக அங்கே போகக் காத்திருந்தார் என்பதும், இத்தனை நாள் அந்தப் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தது எது என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஹாலின் மூலையில் செங்கம்மாளின் போன் அடித்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்தாள்.

"புள்ளதான்மா. இந்த நேரத்துக்குத்தான் பேசும்."