எண்ணெய் பூசாத தட்டு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ் ஏறியவள் துணிப்பொதி ஒன்றை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தபடி கேட்டாள். நான் பின் சீற்றில் இருந்தேன். எனக்குக் காது இன்னும் நன்றாய்க் கேட்கும்.

"என்னடி மலர், கண்ணாடி உருக்கிற சூளைத் தட்டுக்கு இந்த முறையும் நல்லெண்ணெய் பூசினனியோ?"

"சும்மா இருங்கோ அக்கா! தோசைக்கல்லுக்குப் பூசுற பழக்கத்திலை போனமுறை பூசிட்டன். கண்ணாடி தட்டோடை ஒட்டி, இரண்டும் உடைஞ்சு போச்சு. மிஞ்சினது ஒரே ஒரு தட்டு."

"குருநகர்க் கோயில் பெருநாள் நாளைக்கெல்லோ? நேர்த்தியைக் குடுக்கவேணுமே?"

"ஓம். அதுதான் பழைய பூச்சைச் சுரண்டிப்போட்டு, வெள்ளைக் களிமாவைத் தண்ணியிலை கரைச்சு, நெடுக்கும் குறுக்குமாய்ப் பூசி, ஈரமில்லாமல் காயவிட்டன். இவர் பக்கத்திலை நிண்டு, உதுவும் ஒட்டும், உதுவும் ஒட்டும் எண்டு ஒரே புலம்பல்."

"பிறகு?"

"சூளை ஆறினாப் பிறகு ஒரு விரலாலை தள்ளினன். வழுக்கிக்கொண்டு வந்திட்டுது!"

பொதியை அவிழ்த்தாள். உள்ளே முழங்கை நீளத்தில் நீலக் கண்ணாடி மீன், ஒரு கீறலும் இல்லாமல். பஸ்ஸில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப அவர் என்ன சொல்லுறார்?"

"தட்டைத் தா, கழுவி வைக்கிறன் எண்டு வந்தவர். தண்ணி பட்டாப் பூச்சுக் கரைஞ்சிடும், தள்ளி நில்லுங்கோ எண்டிட்டன்."