வெட்பாலையில் ஒரு விரல் எலும்பு

வெட்பாலைக் கட்டை வாங்குவதாக இருந்தால், கண்ணுகளா, கோடையிலேயே வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் வெட்டியதைப் பட்டையோடு போட்டுவைத்தால் சில நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். பிறகு அடுப்புக்குத்தான் ஆகும். பால் வெள்ளையாக, வரி தெரியாமல் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. சீமையில் ஹாலி என்றொரு வெள்ளை மரம் உண்டாம். அதில் அவர்கள் செய்யும் சதுரங்கக் காய், கெட்டில் பிடி, பெட்டியில் பதிக்கும் பூ எல்லாவற்றையும் நான் வெட்பாலையில் செய்திருக்கிறேன். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் திருவுடலையும் செய்திருக்கிறேன். தந்தமா என்று கேட்காதவர்கள் குறைவு.

ஷைலா கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவள் என் அண்ணன் மகள். அண்ணன் போன பிறகு நான்தான் வளர்த்தேன். கட்டிக்கொடுத்த பிறகும் இந்த க்யிம்யிண்டைங் வீட்டில் என்னோடுதான் இருந்தாள். அவள் கணவர் ஜெரால்ட், லோஞ்சித் துணி மூட்டையோடு படகேறி டெல்டா ஊர்களில் விற்றுவருவார். 2008 மே மாதம், புயலுக்கு முந்தின நாள் பியாப்பொன் பக்கம் போனவர் திரும்பவில்லை.

ஷைலா தினமும் படகுத்துறைக்குப் போனாள்.

"என்னடி, இன்னிக்கும் மாப்பிள்ளை அழைப்பா?" என்று மோஹிங்கா என்கிற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் மதீனா பீவி கேட்பாள். "வர்றப்ப ரெண்டு மீனு பிடிச்சுக்கிட்டு வரச் சொல்லு. என் கொழம்புக்கு ஆவும்."

கேலி பேசிவிட்டு ஒரு கிண்ணம் ஊற்றியும் கொடுப்பாள். அன்றைக்கு ஷைலாவின் வயிற்றுக்குள் போவது அவ்வளவுதான். முப்பதாம் நாள் பூசைக்குக் கொடுக்கப் போனேன், ஷைலா வழிமறித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கிறவருக்குப் பூசை வெக்கிறியா அத்தே? வேணும்னா உனக்கு வெச்சுக்க."

ஜூலையில் அவள் படித்துறையைத் தாண்டித் தண்ணீரில் இறங்கி நிற்க ஆரம்பித்தாள். முதலில் முழங்கால் வரை. பிறகு இடுப்பு வரை. சாமியார் சொல்லிப் பார்த்தார், அக்கம்பக்கம் சொல்லிப் பார்த்தது. அடக்கம் செய்ய உடம்பு இல்லை. அதனால் கல்லறை இல்லை, பூசை இல்லை, அழுகையும் இல்லை. எனக்குத் தெரிந்தது மரவேலை ஒன்றுதான்.

அந்தப் புயலில் கோயில் மதிலோரம் ஒரு வெட்பாலை சாய்ந்திருந்தது. அன்றே பட்டையுரித்துப் பிளந்து நிழலில் அடுக்கியிருந்தேன். அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தேன். ஜெரால்டின் வலது சுண்டுவிரல் ஒருமுறை கடைக் கதவில் நசுங்கியது. கட்டுப்போட்டது நான். எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அந்த முடிச்சோடு ஒரு விரல்கணு எலும்பைச் செதுக்கினேன். தேயிலைத் தண்ணீரில் கொதிக்கவைத்தேன், ஆற்றுச் சேற்றில் ஒரு வாரம் புதைத்தேன். எடை மட்டும் போதவில்லை. உள்ளே ஊசித்துளை போட்டு ஈயம் இறக்கினேன்.

பியாப்பொன் படகுக்காரர் ஒருவர் கொடுத்ததாகச் சொன்னேன். ஷைலா முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அழுதாள். சாமியார் தீர்த்தம் தெளித்து அடக்கம் செய்தார். மறுநாள் காலையில் அவள் சோறு கேட்டாள். இதில் என்ன பிழை, சொல்லுங்கள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அய்யூப் என்று ஒருவர் வந்தார். தாய்லாந்தில் ரனோங் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறவர். ஷைலா பட்டறைக்கு உப்புத்தாள் வாங்கப் போயிருந்தாள்.

"ஆன்ட்டி, ஜெரால்ட் அண்ணன் உசுரோடதான் இருக்காரு. புயல்ல தப்பினவர மீன்பிடிக் கப்பல்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு கால் போச்சு, கையில காயிதமும் கெடையாது. அண்ணிய என்னோட கூட்டியாரச் சொன்னாரு. இனிமே அங்கதான் குடித்தனமாம்."

அவருக்கு லபெயே, நம்ம பால் டீதான், போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். பிறகு, ஷைலா புயலிலேயே ஆற்றோடு போய்விட்டாள் என்று சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வியப்பு.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெறுங்கையோட போய் இத எப்படிச் சொல்லுவேன் ஆன்ட்டி? நம்ப மாட்டாரே. நொண்டிக்கிட்டே கெளம்பி வந்துடுவாரு."

உள்ளே போனேன். அவள் தலைவாரிவிட்டு வைத்த சீப்பில் முடி சுருண்டிருந்தது. சுருளை எடுத்து நூலால் கட்டி, கைக்குட்டையில் மடித்துக் கொடுத்தேன். உடம்பு கரையொதுங்கியபோது நறுக்கி வைத்தது என்றேன். அவர் அதைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். தெருமுனையில் ஷைலா அவருக்கு எதிரே வந்தாள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

ரனோங்கிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. ஜெரால்ட் அங்கே யாருடன் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறாள் ஷைலா. திரும்பி வந்து எனக்குக் கால் பிடித்துவிடுகிறாள். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன்.

நானும் மூத்துவிட்டேன், கண்ணுகளா. அவள் போயிருந்தால் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதை மட்டுமாவது நீங்கள் நம்ப வேண்டும்.